காற்றுக்குக் கணிப்பு உண்டு, கூலிக்கு?

ஏரியூர்ப் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடை. பொங்கல் முடிந்த மறுநாள் மாலை. கூட்டமொன்றில் பேசி முடித்துத் தொண்டை கட்டிய நிலையில் நாம் பலகையில் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஒரு தோழர். பெங்களூரில் கட்டட வேலை. சிமெண்டு அரித்த விரல்கள். பண்டிகைக்கு ஊர் வந்தவர். இரவு வண்டிக்குத் திரும்ப வேண்டியவர். பேசுவதற்கு முன் இரண்டு முறை இருமினார். பேசிய பிறகு மூன்று முறை இருமினார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். நாளைக்குக் காத்து நல்லா இருக்குமா, கெட்டுப் போயிருக்குமான்னு இன்னிக்கே சொல்லிடறாங்களாமே டில்லியில? மழை வரும்னு சொல்றதே பாதி நேரம் பலிக்கறதில்லை. காத்துக்குமா ஜோசியம்?"

கடைக்காரர் சிரித்தார். நாமும் சிரித்தோம். "ஜோசியமல்ல தோழரே, கணக்கு" என்றோம், மேடைப் பேச்சுக்காரருக்கே உரிய மிடுக்கோடு. அவர் விடவில்லை.

"கணக்குன்னா சரி. ஆனா கணக்குப் போட்டுச் சொன்ன கையோட, கட்டட வேலைய நிறுத்துன்னு உத்தரவு போடறாங்களாம். எங்க மேஸ்திரியோட கூட்டாளி ஒருத்தர் அந்தப் பக்கம் போயிருந்தார். பதினஞ்சு நாள் சும்மா உட்கார்ந்துட்டு, இருந்த காசையும் தின்னுட்டு வந்துட்டார். அந்தப் பதினஞ்சு நாள் கூலிய யாருங்க அண்ணா கொடுப்பா?"

முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு உடனே வாய் திறக்க முடியவில்லை. இரவெல்லாம் அதே நினைவு. கல்லூரி வாசலை மிதிக்காத நாம், பள்ளிக்கூடத்துப் படிப்பையும் பத்திரிகை அலுவலகத்து இரவல் ஏடுகளையும் வைத்துக்கொண்டு தேடிப் படித்தோம். படித்ததைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அந்த 'ஜோசிய'த்தைப் பார்த்துவிடுவோம்.

பஞ்சாங்கக்காரர் கிரகத்தைப் பார்த்துப் பலன் சொல்வார். பலிக்காவிட்டால் பரிகாரம் சொல்வார். பரிகாரத்துக்கும் பணம் கேட்பார். காற்றைக் கணிப்பவர் அப்படிப்பட்டவரல்ல. அவருக்கு வேண்டியவை மூன்று. எந்தப் புகைபோக்கி, எந்த வண்டி, எந்த அடுப்பு, எந்த வயல், எவ்வளவு புகை விடுகிறது என்ற பட்டியல் ஒன்று. நாளை காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசும், மழை உண்டா, குளிர் எவ்வளவு என்ற வானிலைக் கணக்கு இரண்டு. இன்று காற்றில் என்ன இருக்கிறது என்று கருவி காட்டும் அளவு மூன்று. மூன்றையும் பெரிய கணிப்பொறியில் போட்டால், நாளை, நாளை மறுநாள், அதற்கும் அடுத்த நாள் காற்று எப்படியிருக்கும் என்று அது சொல்லும். தவறினால், எங்கே தவறிற்று என்று பார்த்துத் திருத்துவார்கள். தவற்றை ஒப்புக்கொள்வதால்தான் அது விஞ்ஞானம்!

இதிலே பாட்டாளிக்கு எளிதில் விளங்கும் செய்தி ஒன்று உண்டு. சோற்றுப் பானை கொதிக்கும்போது மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும். மூடியைப் போட்டால்? ஆவி உள்ளேயே சுழலும். ஊருக்கு மேலேயும் அப்படி ஒரு மூடி விழுவதுண்டு. வழக்கமாகத் தரையருகே காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்று புகையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். குளிர்கால இரவில் தரை விரைவில் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே சூடான காற்று படுத்துக்கொள்கிறது. மூடி விழுந்துவிட்டது! கீழே விட்ட புகை கீழேயே கிடக்கும். அதைத்தான் நாம் மூச்சு என்று பெயரிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறோம்.

2018-ஆம் ஆண்டு ஜனவரி 13, போகி. சென்னையில் விடியற்காலையில் பழைய பாயும் துணியும் டயரும் எரித்த புகை, பனிமூட்டத்தோடு கைகோத்துக்கொண்டது. விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியவில்லை. விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. விமானத்தைத் திருப்பிவிடலாம். வியாசர்பாடியிலே படுத்திருந்த குழந்தையின் மூச்சை எங்கே திருப்புவது?

காற்றிலே மிதக்கும் தூசியில் மிகப் பொல்லாதது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். ஒரு மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகளைத்தான் சொல்கிறோம். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு! பெரிய தூசியை மூக்கு தடுக்கும், தொண்டை துப்பும். இந்த நுண்துகள் நுரையீரலின் கடைசி அறைவரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். இருமல் மட்டும் என்றால் பரவாயில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் அதன் பின்னே வருகின்றன.

ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் எவ்வளவு இருக்கலாம்? ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 60 என்று 2009-இல் இந்திய சர்க்கார் வரம்பு கட்டிற்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்போ, ஆண்டுக்கு 5, நாளுக்கு 15. உலகத்து நுரையீரலுக்கு ஐந்து, நம்மவர் நுரையீரலுக்கு நாற்பது! நம் நெஞ்சு எட்டு மடங்கு உறுதி என்று யாரேனும் சோதித்துப் பார்த்தார்களா?

இனிக் கொஞ்சம் கடல் கடந்து செல்வோம். நடந்த கதையைச் சொன்னால்தான் நடக்கப் போவது புரியும்.

லண்டன் மாநகரம். 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5. காற்று அசையவில்லை. மூடி விழுந்துவிட்டது. கடுங்குளிர், வீடுதோறும் கணப்பில் நிலக்கரி. ஆலைகளும் மின் நிலையங்களும் கரியைத்தான் எரித்தன. ஐந்து நாள், டிசம்பர் 9 வரை, நகரம் மஞ்சள் இருளில் மூழ்கிற்று. பேருந்துக்கு முன்னே ஆள் விளக்குப் பிடித்து நடந்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கிலே நடந்துகொண்டிருந்த இசை நாடகத்தை நிறுத்தினார்கள். அரங்கத்துக்குள்ளேயே புகை புகுந்துவிட்டது! பொருட்காட்சிக்கு வந்த கொழுத்த மாடுகள் மூச்சு முட்டிச் செத்தன. மாடு செத்தது உடனே பத்திரிகையில் வந்தது. மனிதர் செத்தது? கணக்கெடுத்த பிறகுதான் தெரிந்தது. முதலில் 4,000 பேர் என்றார்கள். பிற்காலத்து ஆராய்ச்சி 12,000 வரை இருக்கலாம் என்றது.

அந்நாட்டு சர்க்கார் முதலில் என்ன சொல்லிற்று தெரியுமா? பிந்தி வந்த சாவுகளுக்கெல்லாம் இன்ஃபுளுயன்சாக் காய்ச்சல் காரணம் என்றது! பழி போட ஒரு காய்ச்சல் கிடைத்துவிட்டால், ஆலை முதலாளி முகம் வாட வேண்டியதில்லை அல்லவா? இன்னொன்றும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரினால் கடன்பட்ட பிரிட்டன், புகை குறைந்த நல்ல கரியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது. பொடியும் துகளுமான மட்டக் கரியைத் தன் சொந்த மக்களின் கணப்புக்கு விற்றது. ஏழைத் தொழிலாளி மலிவென்று அதை வாங்கினான். அதன் புகையிலேயே மாண்டான். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. சட்டத்தோடு ஒன்றும் சேர்ந்து வந்தது: புகையற்ற எரிபொருளுக்கு அடுப்பை மாற்றும் வீட்டுக்காரருக்கு, செலவில் ஒரு பங்கைப் பொதுப் பணத்திலிருந்து தர வழி செய்தார்கள். 'அடுப்பை அணை' என்று ஆணையிட்டதோடு நில்லாமல், 'மாற்று அடுப்புக்குப் பணம் இதோ' என்றும் சொன்னார்கள். இதை மனத்தில் முடிந்து வையுங்கள், பிறகு அவிழ்ப்போம்.

சீனத்தில் நேர்ந்ததும் இதற்கு இணையானது. பெய்ஜிங் நகரில் 2013-இல் நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 90. 2021-இல் அது 33. கரி எரிக்கும் கொதிகலன்களை மூடியும், ஆலைகளைக் கட்டுப்படுத்தியும், வண்டிகளை மாற்றியும் எட்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்காக்கினார்கள். முடியாது என்பார் வாயை அடைக்க இந்த ஒரு கணக்குப் போதும். ஆனால் அங்கும் ஒரு காட்சி உண்டு. 2017 குளிர்காலத்தில், ஹெபெய் மாநிலத்துக் கிராமங்களில் கரியைத் தடை செய்தார்கள்; மாற்று எரிவாயு வந்து சேரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் உறைந்த வகுப்பறையை விட்டு வெயிலில் வந்து உட்கார்ந்து பாடம் படித்தார்கள். தலைநகரத்துக் காற்று தெளிந்தது. கிராமத்துப் பிள்ளையின் விரல் விறைத்தது.

இப்போது டில்லிக்கு வருவோம்.

2010-இல் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது, புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் டில்லிக்குக் காற்றுக் கணிப்பைத் தொடங்கிற்று. 'சஃபர்' என்று பெயர். பிறகு புனே, மும்பை, அகமதாபாத் நகரங்களுக்கும் அது போயிற்று. அந்த நான்கிலே தென்னாட்டு நகரம் ஒன்றும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறோம். நோய் முற்றியவனுக்கு முதல் மருந்து என்பது நியாயமே. 2015-இல் காற்றுத் தரக் குறியீட்டு எண் வந்தது: 50 வரை நன்று, 100 வரை பரவாயில்லை, 200 வரை நடுத்தரம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் 500 வரை கடுமை. 2018-இல் டில்லிக்கு முன்னெச்சரிக்கை ஏற்பாடே வந்தது. பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரிவதைச் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறது. காற்றின் போக்கைக் கணிப்பொறி சொல்கிறது. இன்னும் மூன்று நாளில் மூச்சு முட்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

தெரிந்த பிறகு? அங்கேதான் நம் ஏரியூர்த் தோழரின் கேள்வி எழுகிறது.

2017 முதல் டில்லியில் படிப்படியான நடவடிக்கைத் திட்டம் ஒன்று உண்டு. நான்கு படி. எண் ஏற ஏற, கட்டுப்பாடு ஏறும். 2022-இல் அதைத் திருத்தி, எண் ஏறும்வரை காத்திராமல், கணிப்பைப் பார்த்து முன்கூட்டியே நடவடிக்கை எடுக்கலாம் என்றார்கள். அறிவார்ந்த திருத்தம்; வரவேற்கிறோம். மூன்றாம் படி வந்தால் கட்டட வேலைகளில் பெரும்பகுதி நிற்கும். நான்காம் படி வந்தால் சாலை, மேம்பாலம் முதலான பொதுப்பணிகளும் நிற்கும். அலுவலகத்தார் பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், சம்பளம் வரும். பள்ளிக்கூடம் திரைக்குள்ளே நடக்கும். வாத்தியார் சம்பளம் வரும். சித்தாள் வீட்டிலிருந்து செங்கல் சுமக்க முடியுமா? கொத்தனார் குடிசையில் உட்கார்ந்து பதினான்காம் மாடிக்குப் பூசு வேலை பார்ப்பாரா?

2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் இதைக் கண்டுகொண்டது. கட்டட முதலாளிகளிடமிருந்து வாரியத்துக்கு என்று வசூலித்த தீர்வைப் பணம் இருக்கிறதே, வேலை நின்ற நாட்களுக்கு அதிலிருந்து பிழைப்பூதியம் கொடுங்கள் என்று ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. நடந்தது என்ன? 2024 நவம்பரில் குறியீடு 490-ஐத் தாண்டிற்று; வேலை நின்றது. டில்லியில் பதிவு பெற்ற 90,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்க்குத் தலைக்கு 2,000 ரூபாய் போயிற்று. சேர வேண்டியது 8,000! மீதி 6,000 எங்கே என்று உச்சநீதிமன்றம் தலைமைச் செயலாளரையே அழைத்துக் கேட்டது. நீதிபதி கேட்ட பிறகுதான் மீதிக்கு வழி பிறந்தது. வேலையை நிறுத்துகிற உத்தரவு கணிப்பொறி வேகத்தில் வருகிறது. கூலியைக் கொடுக்கிற உத்தரவு கட்டை வண்டியில் வருகிறது.

அதுவும் யாருக்கு? பதிவு பெற்றவர்க்கு. வெளியூரிலிருந்து வந்து, மேஸ்திரியின் கைக்குறிப்பில் மட்டும் பெயர் உள்ளவர்க்கு? 'உன் பெயர் எங்கள் ஏட்டில் இல்லை' என்ற ஒரு வரிதான் பதில்.

நாம் வேலை நிறுத்தத்தை எதிர்க்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். மூச்சடைக்கும் நாளில் சாரத்தின் மேல் நின்று கல் அறுக்கிறவன் நெஞ்சில்தானே அந்தத் தூசி முதலில் போய் விழுகிறது? ஓடும் கல்லும் அறுக்கும்போது பறக்கும் வெண்தூசியிலே சிலிக்கா உண்டு. அது போய்ப் படிந்த நுரையீரல் திரும்பத் தேறாது. ஆகவே வேலை நிற்கட்டும். கூலி நிற்கக் கூடாது. லண்டனில் முடிந்து வைத்ததை இங்கே அவிழ்க்கிறோம்: அடுப்பை அணைக்கச் சொன்ன சட்டம் மாற்று அடுப்புக்கும் பணம் தந்ததே, கலவையைக் கொட்டாதே என்கிற சட்டம் மாற்றுச் சோற்றுக்கும் வழி சொல்ல வேண்டாமா?

டில்லிச் சீமான்கள் செய்த வேறு சில விந்தைகளையும் சொல்லாவிட்டால் கட்டுரைக்கு உப்பு குறையும். 2021-இல், கன்னாட் பிளேஸ் பகுதியில் காற்றைச் சுத்தம் செய்யக் கோபுரம் கட்டினார்கள். 20 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஊர்க் காற்றைக் கோபுரத்தால் வடிகட்டுவது, மேட்டூர் அணைத் தண்ணீரைத் தேநீர் வடிகட்டியால் வடிப்பது போல! 2025 அக்டோபர் 28-இல் விமானத்தை அனுப்பி மேகத்தில் உப்புத் தூவினார்கள், மழை பெய்யும், மாசு கரையும் என்று. மேகத்தில் ஈரம் போதவில்லை. மழை பெய்யவில்லை. கழுதைக்குக் கல்யாணம் செய்து மழை வேண்டுகிற மூடத்தனத்தைக் கண்டித்து மேடையேறிய நாம், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தடுமாறுகிறோம். முயற்சி விஞ்ஞானந்தான், ஆனால் புகையை விடுகிறவனை விட்டுவிட்டு வானத்தைக் கெஞ்சும் புத்தி பழைய புத்தியல்லவா?

பணம் எங்கே போகிறது என்று பார்த்தாலும் இதே கதை. 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு நகரங்கள் அதில் உண்டு. 2024-இல், டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கணக்குப் பார்த்தது. நாடெங்கும் செலவான தொகையில் நூற்றுக்கு 64 பங்கு சாலைத் தூசிக்கு. சாலை கூட்டும் எந்திரம், தண்ணீர் தெளிக்கும் வண்டி, இத்யாதி. ஆலைப் புகைக்கு? நூற்றுக்கு ஒன்றுகூட அல்ல, 0.61! தோழர்களே, பள்ளிக்கூடத்துக் கணக்கு மட்டும் தெரிந்த நமக்கே இது விளங்குகிறது. கூட்டினால் அடங்குவது பெரிய தூசி, கொல்வது நுண்துகள். கூட்டுவதைப் படம் பிடிக்கலாம். புகைபோக்கியின் கீழே நின்று முதலாளியைக் கேள்வி கேட்பதைப் படம் பிடிக்க யார் வருவார்?

டில்லிப் பேச்சு நமக்கெதற்கு, நம் பக்கம் கடற்காற்று உண்டு என்பார் சிலர். நாமும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2024 ஜூலையில் லான்செட் குழுமத்து மருத்துவ ஏட்டில் ஓர் ஆராய்ச்சி வந்தது. 2008 முதல் 2019 வரை, பத்து இந்திய நகரங்களின் சாவுக் கணக்கை எடுத்துக் காற்றுக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு மேலான நுண்துகளால், அந்தப் பத்து நகரங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 சாவு. சென்னையில் மட்டும் சுமார் 2,900. பெங்களூரில் சுமார் 2,100.

பெங்களூர்! நம் ஏரியூர், பென்னாகரம் பக்கத்து இளைஞர் சோறு தேடிப் போகிற ஊர். அந்த ஆராய்ச்சியில் இன்னொரு கணக்கும் உண்டு; அதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தோம். நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் சாவு எவ்வளவு கூடுகிறது? டில்லியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பெங்களூரிலோ சுமார் மூன்று! ஏன் இப்படி? ஏற்கெனவே கறுத்துப் போன துணியில் மேலும் ஒரு பிடி கரி விழுந்தால் பெரிதாகத் தெரியாது. வெள்ளைத் துணியில் விழுந்தால் பளிச்சென்று தெரியும். காற்று ஓரளவு நன்றாயிருக்கிற ஊரிலேதான், ஒவ்வொரு பிடி புகையும் அதிக உயிரைக் கேட்கிறது. 'இங்கே இந்திய வரம்புக்குள்தான் இருக்கிறது, கவலை வேண்டாம்' என்பவர் வாயை இந்தக் கணக்கு மூடுகிறது. வரம்புக்குள்ளேயும் சாவு இருக்கிறது.

வடசென்னையைப் பார்த்தவர்க்கு இந்தப் புள்ளிவிவரங்கூட வேண்டாம். எண்ணூரிலும் மணலியிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையங்கள், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, துறைமுகங்கள் எல்லாம் கூட்டமாக நிற்கின்றன. நடுவிலே மீனவர் குடியிருப்பு, தொழிலாளர் குடியிருப்பு. நகரத்துக்கு விளக்கு, வடசென்னைக்குச் சாம்பல். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தக் கணிப்பும் அதை முன்கூட்டிச் சொல்லியிராது. அதற்கு வேண்டியது கணிப்பல்ல, அபாயச் சங்கும் ஆலைமேல் கண்டிப்பும். தூத்துக்குடி மக்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2018 மே மாதத்தில் அந்த ஊர்த் தெருவில் 13 பேர் சுடப்பட்டு மாண்டது எதைக் கேட்டதற்காக என்று நாடறியும்.

ஏரியூருக்கு என்ன? நாகமரைத் துறையில் பரிசலேறி, பண்ணவாடியில் இறங்கி, மேட்டூர் போகிறோமே, அங்கே என்ன நிற்கிறது? 840 மெகாவாட் பழைய அனல்மின் நிலையம். 2013-இல் சேர்ந்த 600 மெகாவாட் புதிய நிலையம். நாடு முழுதும் இத்தகைய நிலையங்கள் விடும் கந்தகப் புகையைக் கழுவக் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. 2017-க்குள் முடி என்றார்கள். முடியவில்லை, கெடு நீட்டப்பட்டது. மீண்டும் நீட்டப்பட்டது. கடைசியில், 2025 ஜூலையில், நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்தக் கருவியே வேண்டாம் என்று மைய சர்க்கார் விலக்களித்துவிட்டது! நம் நாட்டுக் கரியில் கந்தகம் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். கரியில் குறைவாயிருக்கலாம், எரிக்கிற கரி மலையளவல்லவா? அந்தக் கந்தகப் புகை காற்றில் போகிற வழியிலேயே நுண்துகளாக மாறுகிறது. நூறு கல் தாண்டியும் போகிறது. எண்ணூர்ப் புகை எண்ணூரோடும் மேட்டூர்ப் புகை மேட்டூரோடும் நிற்பதில்லை. ஊராட்சி எல்லைக் கல் காற்றுக்குத் தெரியாது. கட்டட முதலாளிக்கும் மின் நிலையத்துக்கும் பத்தாண்டு தவணை. சித்தாளுக்கு மட்டும் இன்று மாலையோடு வேலை நிறுத்தம்.

வரும் ஆண்டுகளில் என்ன நடக்கும்? நாமும் கொஞ்சம் கணிப்போம். வாகனம் பெருகும், கட்டடம் பெருகும், மின்சாரத் தேவை பெருகும். கருவிகள் கூடும், கணிப்பு இன்னும் துல்லியமாகும். டில்லியோடு நிற்காது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மூன்று நாள் முன்னறிவிப்பும், அதை ஒட்டிய நிறுத்த உத்தரவும் வரத்தான் போகின்றன. வரட்டும். 2020 ஏப்ரலில், நாடே பூட்டிக் கிடந்தபோது, ஜலந்தர் நகரத்து மொட்டை மாடியிலிருந்து இமயத்துப் பனிச் சிகரங்கள் தெரிந்தன. பல ஆண்டாக அங்கே வாழ்ந்தவர் முதன்முறையாகப் பார்த்து வியந்தார்கள். புகையை நிறுத்தினால் காற்று சில நாளில் தெளியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் அதே ஏப்ரலில், அதே நாட்டில், மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கல் நடந்தவர் யார்? தெளிந்த வானத்தின் கீழே வெறும் வயிற்றோடு நடந்தவர், நம்மவர்.

ஆகவேதான், அந்த உத்தரவு வருவதற்கு முன்பே கேட்டு வைக்கிறோம். எந்த நகரத்துக்குக் காற்று நடவடிக்கைத் திட்டம் எழுதினாலும், எந்தப் பக்கத்தில் 'வேலை நிறுத்து' என்று எழுதுகிறார்களோ, அதே பக்கத்தில் 'நாட்கூலி இவ்வளவு, இத்தனை நாளுக்குள்' என்றும் எழுத வேண்டும். கணிப்பை ஆங்கிலத்தில் கைப்பேசியில் மட்டும் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்னாமல், விடியற்காலையில் ஆள் பிடிக்கும் முனைகளில், அவரவர் மொழியில் எழுதி மாட்ட வேண்டும். கட்டட முதலாளி தூசித் திரை கட்டினாரா, தண்ணீர் தெளித்தாரா, கல் அறுப்பவனுக்கு முகமூடி தந்தாரா என்று நல்ல நாளிலேயே பார்த்தால், கெட்ட நாள் குறையும். புகைபோக்கிக்குத் தந்த விலக்கைத் திரும்பப் பெறச் சொல்வதும் இதோடு சேர்ந்ததே.

பதிவு விஷயம் ஒன்று பாக்கி. இது தோழர்கள் கையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்தது. நாடு முழுதுக்குமான சட்டம் 1996-இல் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை என்றது. அந்தச் சட்டம், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டது. அத்தொகுப்புகளைப் பற்றி நமக்கு வேறு சண்டை உண்டு, அது வேறொரு நாள். ஆனால் தீர்வையும் வாரியமும் பதிவும் அதிலும் இருக்கின்றன. வயது 18 முதல் 60-க்குள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை. அவ்வளவுதான் தகுதி. வேலை செய்கிற மாநிலத்திலேயே பதியலாம். வெளிமாநிலத்தான் என்பது தடையல்ல. 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று கொடுக்க மேஸ்திரி தயங்குவார், முதலாளி முறைப்பார். அங்கேதான் சங்கம் வேண்டும். ஒருவர் போய்க் கேட்டால் 'நாளைக்கு வா' என்பார்கள். நாற்பது பேர் போய் நின்றால் நாற்காலி போடுவார்கள்.

இதையெல்லாம் அன்று மாலையே சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அந்தத் தோழரின் எண்ணைக் கடைக்காரரிடம் வாங்கிப் பேசினோம். பின்னணியில் கலவை எந்திரம் சுற்றும் ஓசை. இருமிக்கொண்டே கேட்டார்.

"தொண்ணூறு நாளா? நான் பதினோரு வருசமா இங்கதான் அண்ணா இருக்கேன்."

"ஏட்டில் பெயர் இருக்கிறதா?"

"இல்லீங்க அண்ணா."

அவர் சாரத்தில் மட்டும் இருபத்திரண்டு பேராம், எல்லாரும் ஏரியூர், பென்னாகரம் பக்கத்தவர். பெயர்களை எழுதி அனுப்பச் சொன்னோம். மறுநாள் ஒரு சிமெண்டுப் பையின் பின்புறத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருந்தார். பத்தொன்பது பெயர். மூவர் மேஸ்திரிக்குப் பயந்து பெயர் தரவில்லையாம்.